எட்டு மில்லிவாட்

பகல் முழுக்க நூற்றுப்பத்து கிலோவோல்ட்டோடு இருக்கிறேன்.
துணைமின் நிலையத்துச் சரளைக் கல்லுக்கு மேலே
சளிபிடித்த எருமைபோல் அது உறுமிக்கொண்டே இருக்கும்.
மணிக்கொருமுறை அளவெடுத்துப் பதிவேட்டில் எழுதி
கையெழுத்திடுகிறேன்: கோ. செங்கமலம்.

ராத்திரி, திருத்துறைப்பூண்டி வீட்டில்,
பெருங்காய டப்பா ஒன்று.
உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு படிகம்.
பற்றவைக்கும்போது ஈயப்புகையோடு
ரசம் கொதிக்கிற வாசனையும் வரும்.
ஆன்டெனா அறுபத்தாறு அடி:
புகைந்துபோன பம்புசெட் மோட்டாரில் உரித்த செம்புக் கம்பி,
தண்ணீர்த் தொட்டிக்கும் ஒதியமரத்துக்கும் நடுவே.
பக்கத்து வீட்டு ராஜாத்தி அதைத் துணிக்கொடி என்று நினைத்து
ஈரப்புடவை ஒன்றைக் காயப்போட்டாள்.
அன்றைக்கு நான் எந்த ஊருக்கும் கேட்கவில்லை.

விசாகப்பட்டினத்தில் அப்பலராஜு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாராம்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
எனக்குத் தெலுங்கில் சாப்பாட்டுப் பெயர்கள் தெரியும்.
முகம் பார்த்ததில்லை, விசை தட்டும் கை மட்டும் பழக்கம்:
நெடிலைக் கூடக் கொஞ்சம் இழுப்பார்.
நம் நெடிலுக்கு மாத்திரை இரண்டு,
மோர்ஸின் நெடிலுக்கு மூன்று.
கணக்குப்படி அது அளபெடை.
எட்டாம் வகுப்பில் பிரம்படி வாங்கியும் ஏறாத இலக்கணம்
முப்பத்தொன்பது வயதில்
காது வழியாக ஏறியது.

ஒன்பதரைக்கு ஒப்பந்தம்.
வாராவாரம் நான் பாதியாய்க் குறைப்பேன்,
கேட்கிறதா என்று அவர் சொல்வார்.
ஐந்நூறு மில்லிவாட். ஐந்து ஐந்து ஒன்பது.
இருநூற்றைம்பது.
நூற்றிருபத்தைந்தில் கொஞ்சம் இளைத்தேன்.
அறுபத்திரண்டு, முப்பத்தொன்று.
பழுப்பு, கருப்பு, பழுப்பு என்று
மின்தடைகளை வரிசையாய்க் கோத்து
இருக்கிற சொற்பத்தையும் சூடாக்கிக் கொல்கிறேன்.
சார்ஜர் மூக்கில் எரியும் சிவப்புப் பொட்டு
என்னைவிட அதிகம் தின்னும்.

"கூட்டுனா நல்லா கேக்கும்ல, எதுக்குக் கொறைக்கிறே?"
முருகையன் கேட்பார், கொசுவர்த்தியைத் திருப்பி வைத்தபடி.
கேட்கும்.
அது பகல் வேலை.

மேட்டூரில் ஆர்ப்பாட்டமாய்த் திறந்த தண்ணீர்
எங்கள் வாய்க்காலுக்கு வரும்போது
கணுக்கால்கூட நனையாது.
இருந்தாலும் "வந்துருச்சு" என்றுதான் சொல்கிறோம்,
"கொஞ்சமாய் வந்தது" என்றல்ல.

பதினாறில் கேள்விக்குறி அனுப்பினார்.
டி டி டா டா டி டிட்.
அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும்.
அவர் நகரத்தின் அத்தனை பல்பும் இன்வெர்ட்டரும் இரைந்த இரைச்சலில்
நான் உமி.

தோற்றதை உறுதிசெய்துகொள்ளத்தான்
எட்டுக்கு இறங்கினேன்.
தை மாதம். வெளியே அறுவடை இயந்திரம்
வயலில் விளக்குப் போட்டு நெல் தின்றுகொண்டிருந்தது.
பெயரை இரண்டு முறை தட்டிவிட்டு
விரலை எடுத்தேன்.

இரண்டு இரண்டு ஒன்பது.

பிறகு, துண்டு துண்டாய்:
இங்கே கரண்ட் இல்லை.
ஊரே இருட்டு. பேட்டரியில் இருக்கிறேன்.
நீ இருக்கிறாய்.

எனக்குத் தெரியும், அங்கே என்னைப்போல ஒருத்தி
டார்ச்சோடு சரளைமேல் ஓடிக்கொண்டிருப்பாள்.
ஒரு காதில் தொலைபேசி, அதில் வசவு.
பழுது எந்த ஃபீடரில் என்று விரல்விட்டுத் தேடுவாள்.
அவள் கொஞ்சம் தாமதிக்கட்டும் என்று
வேண்டிக்கொண்டேன்.
பதினேழு வருட சர்வீஸில்
இப்படி ஒன்றை நான் நினைத்ததில்லை.

என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.
மீன் என்றார்.
என்ன மீன் என்று கேட்கும்போது
பாதி எழுத்தில்
டி டி டா டா டி டிட்.

பதிவேட்டில் எழுதினேன்:
எண்ணூற்று எண்பது கிலோமீட்டர், எட்டு மில்லிவாட்.
குறிப்பு என்ற கட்டத்தில்:
ஒன்பது ஐம்பத்திரண்டு. அங்கே வெளிச்சம் வந்துவிட்டது.
வழக்கம்போல் கையெழுத்தும் போட்டேன்.